மணி பிரேஸ்லெட்டுக்கு எந்த நூல்? முதலில் மணியின் ஓட்டையைப் பாருங்கள்

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் சங்கிலிப் பின்னல் மட்டும் தெரிந்தால்கூடப் போதும், ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று மணி வைத்த பருத்தி பிரேஸ்லெட்டைப் பற்றிச் சொல்வார்கள். பொய்யில்லை. பின்னுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சிக்கல் அதற்கு முன்பே வந்துவிடும். கடையில் நூல் அடுக்குக்கு முன்னால் போய் நின்றால் குரோஷா நூல், எம்பிராய்டரி நூல், பேர்ல் காட்டன், மெழுகுக் கயிறு என்று எல்லாமே பருத்தி, எல்லாமே அழகு. எதையோ ஒன்றை வாங்கி வந்து உட்கார்ந்தால், வீட்டில் இருக்கும் மணி அதில் ஏறாது.

என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளும் இதைச் சுற்றித்தான். "ஆரி வேலையில் மிஞ்சின சுகர் பீட்ஸ் ஒரு டப்பா இருக்கு, அதை வச்சுப் பின்னலாமா?" "எம்பிராய்டரி நூலே போதுமா, தனியா வாங்கணுமா?" "தினமும் கையில கிடக்கணும், குளிக்கும்போதும் கழற்ற மாட்டேன், எது தாங்கும்?" மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால் நான்கு நூல்களையும் ஒரே பிரேஸ்லெட்டை வைத்து ஒப்பிடுகிறேன்: ஒரே சங்கிலியாகச் சுமார் 50 செ.மீ. நீளம், மணிக்கட்டில் மூன்று சுற்று, இரண்டு வெறும் சங்கிலிக்கு ஒரு மணி என்று 55 மணி வாக்கில், ஒரு முனையில் பொத்தான், மறுமுனையில் வளையம்.

## எதை வைத்து எடைபோடுவது

குரோஷாவில் மணியைப் பின்னப் பின்னக் கோக்க முடியாது. தேவையான மணி முழுவதையும் முதலிலேயே நூலில் கோத்துக்கொண்டுதான் முதல் முடிச்சே போட வேண்டும். பிறகு பின்னும்போது ஒவ்வொன்றாகக் கொக்கி ஊசியருகே தள்ளிக்கொண்டு வருகிறோம். மற்ற எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது.

நூல் மணிக்குள் நுழைய வேண்டும் என்பது முதல் அளவுகோல். ஒரு மணிக்குள் மட்டும் நுழைந்தால் போதாது, 55 மணிக்குள்ளும் நுழைந்து தடையில்லாமல் வழுக்க வேண்டும். இதில் தோற்ற நூலை மற்ற அளவுகோலில் பார்க்கவே தேவையில்லை. இரண்டாவது உரசல். கடைசியாகப் பின்னப்படும் மணி மீட்டர் கணக்கில் நூலின்மேல் தேய்ந்துகொண்டே வருகிறது. ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நூல் பஞ்சுபஞ்சாகிவிடும். மூன்றாவது, ஊசி முனையில் இழை பிரிவது. மெல்லிய ஊசியோடு பழகாத கைக்கு இதுதான் பெரிய எரிச்சல். அப்புறம் தண்ணீரும் வியர்வையும்: சாயம் போகுமா, நீளுமா. கடைசியில் காசு. ஆனால் கண்டின் விலை அல்ல, ஒரு பிரேஸ்லெட் உருப்படியாக முடியும்வரை மொத்தம் எவ்வளவு போகிறது என்ற கணக்கு.

## மணி எண்ணும் ஓட்டையும்

சிறு கண்ணாடி மணிகளுக்கு 11/0, 8/0, 6/0 என்று எண் உண்டு. எண் பெருகப் பெருக மணி சிறுக்கும். 11/0 சுமார் 2 மி.மீ., 8/0 சுமார் 3, 6/0 சுமார் 4. இது மணியின் அளவு. ஓட்டை அதைவிட மிகச் சிறியது: 11/0-இல் ஒரு மி.மீட்டருக்கும் குறைவு, 8/0-இல் ஏறக்குறைய ஒன்று, 6/0-இல் ஒன்றரையை ஒட்டி.

இதில் பலரும் ஏமாறுகிற இடம், ஊசிக் காது. நூலைத் தையல் ஊசியில் கோத்தால் அது மடிந்து இரட்டையாகிறது. ஒற்றை நூல் தாராளமாகப் போகும் மணியில் இரட்டை நூலும் ஊசியும் சேர்ந்து போகாது. எனவே மணி கோக்கத் தையல் ஊசியை மறந்துவிடுங்கள். நூலின் முனையில் நான்கு செ.மீ. நீளத்துக்கு ஃபெவிகால் அல்லது நகப்பூச்சு தடவி, விரலால் முறுக்கிக் காயவிட்டு, முனையைச் சாய்வாக வெட்டினால் நூலே ஊசியாகிவிடும்.

ஆரி வேலைக்கு வாங்கும் சுகர் பீட்ஸ் பெரும்பாலும் 2 மி.மீ. வாக்கில்தான் இருக்கும். அவற்றின் ஓட்டை மெல்லிய ஆரி ஊசிக்கும் அதைவிட மெல்லிய நூலுக்கும் ஏற்றது. 10-ஆம் எண் குரோஷா நூல் அதில் ஏறாது. நானும் முதலில் இதைத்தான் முயன்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் ஒவ்வொரு மணியாக நெருடிப் பார்த்து, நுழைந்தவற்றை ஒரு கிண்ணத்திலும் நுழையாதவற்றை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டே போனேன். சாயங்காலம் பார்த்தால் முதல் கிண்ணத்தில் பதினோரு மணி.

ஒரே பாக்கெட்டில்கூட ஓட்டை மாறுவதற்குக் காரணம் உண்டு. இந்த மணிகள் உருகிய கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கிச் செய்யப்படுபவை. குழாய் எங்கே மெலிந்ததோ அங்கே ஓட்டையும் மெலியும். அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளும் இப்படி இழுத்து நறுக்கியவைதான். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அந்தக் கைமுறை நம் காலம்வரை பிழைத்திருக்கிறது. மியூக்கி, டோஹோ போன்ற ஜப்பானிய மணிகள் அளவு பிசகாமல் வரும். விலையும் அதற்கேற்ப. உதிரியாக எடைக்கு வாங்கும் மணியில் கோணலும் அடைப்பும் கலந்திருக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, தேவையைவிடக் கால்பங்கு கூடுதலாக வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| | குரோஷா நூல் (10, 20) | பேர்ல் காட்டன் (5, 8) | ஆறிழை எம்பிராய்டரி நூல் | மெழுகுக் கயிறு (1 மி.மீ.) |
|---|---|---|---|---|
| ஏறும் மணி | 6/0, 8/0 | 6/0, 8/0 | 6/0. இழை குறைத்தால் 8/0 | பெரிய ஓட்டை உள்ள மர மணி |
| மணி உரசல் | நன்றாகத் தாங்கும் | தாங்கும் | சீக்கிரம் பஞ்சு கிளம்பும் | நன்றாகத் தாங்கும் |
| ஊசியில் பிரிதல் | குறைவு | மிகக் குறைவு | அதிகம் | இல்லை, ஆனால் வழுக்காது |
| நிறத் தேர்வு | சுமார் | நிறைய | மிக நிறைய | குறைவு |
| தினசரி அணிய | ஏற்றது | ஏற்றது | சில மாதம் | வெயில் படாத வரை சரி |
| மறைந்திருக்கும் செலவு | முழுக் கண்டு வாங்க வேண்டும் | தேடி வாங்க வேண்டும் | நேரமும் பொறுமையும் | தனி மணி, தனி முறை |

## குரோஷா நூல்

லேஸ், மேசை விரிப்பு பின்னும் அதே உருண்டை நூல்தான். இதிலும் எண் பெருகினால் நூல் மெலியும். 10 தடிமன், 20 நடுத்தரம், 40-க்கு மேலே போனால் கண்ணுக்கு வேலை. பெரும்பாலும் மூன்று இழை சேர்த்து இறுக்கமாக முறுக்கியது. இறுக்கமான முறுக்கு என்றால் மணி அதன்மேல் வழுக்கும், ஊசி நடுவில் குத்திக்கொண்டு நிற்காது.

லேபிளில் 'மெர்சரைஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். பருத்தி நூலைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை உப்பி உருண்டையாகி வலுவும் சாயம் பிடிக்கும் திறனும் கூடுகிறது என்பதை ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844-இல் கண்டார், 1850-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவர் நூல் சுருங்கியது, பளபளப்பும் இல்லை, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1890-இல் ஹோரஸ் லோ நூலை இழுத்துப் பிடித்தபடியே நனைத்தபோதுதான் அந்தப் பட்டுப் பளபளப்பு வந்தது. நமக்கு அந்தப் பளபளப்பைவிட முக்கியம், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு இல்லாமல் இருப்பது. பிசிறு இல்லாத நூலில் மணி சிக்காது, பின்னி முடித்த பிறகும் அழுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

10-ஆம் எண் நூலுக்கு 1.5 மி.மீ. ஊசி, 20-க்கு 1.25 என்று தொடங்குங்கள். முதலாவதற்கு 6/0 மணி நிம்மதியாக ஏறும், 8/0 மணி நல்ல ரகமாக இருந்தால் ஏறும். இரண்டாவதற்கு 8/0 தான் சரியான ஜோடி.

குறை என்ன? கண்டு பெரியது. மூன்று சுற்று சங்கிலிக்கு 2 மீட்டர் நூல், இரண்டு முனைக்கும் விடும் வால் சேர்த்து 3 மீட்டர் ஆகும். ஒரு கண்டில் இதைப் பல மடங்கு பின்னலாம். ஆனால் ஐந்து நிறம் வேண்டுமென்றால் ஐந்து கண்டு. ஒரே ஒரு பிரேஸ்லெட்டுக்காக வாங்குபவருக்கு அது வீண். வெள்ளை, சந்தன நிறம் தவிர மற்ற நிறங்கள் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பது இன்னொரு குறை.

முதல் முறையாகப் பின்னுபவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள், பத்து இருபது என்று ஒரே நிறத்தில் செய்து தாம்பூலப் பையில் போட நினைப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் என் பதில் இதுதான்.

## பேர்ல் காட்டன்

எம்பிராய்டரிக்கென்றே வரும் நூல், ஆனால் பிரிக்க முடியாதது. இரண்டே இழையை முறுக்கியிருப்பதால் முத்துச் சரம் போல மேடுபள்ளமாக மின்னும். 5-ஆம் எண் ஏறக்குறைய குரோஷா நூல் 10-இன் தடிமன், 8-ஆம் எண் 20-ஐ ஒட்டியது. 8-ஆம் எண் 10 கிராம் உருண்டையில் சுமார் 80 மீட்டர் வரும்.

பின்னிய பிறகு பார்க்க எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியாகத் தெரியும், கண்ணாடி மணிக்குப் பக்கத்தில் நூல் மங்கிப்போகாது. நிறத்துக்கும் பஞ்சமில்லை. குரோஷா நூலைவிடச் சற்று மெத்தென்று இருப்பதால் தோலுக்கு இதம்.

அந்த மெத்தென்ற தன்மைக்கே ஒரு விலை உண்டு. இரண்டு இழை முறுக்கு என்பதால், ஓட்டையின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும் மணியோடு சேர்ந்தால் ஒரு இழை அறுந்து நிற்கும். மூன்றிழையில் ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும். இதில் பாதி போய்விடும். ஆகவே பேர்ல் காட்டன் வாங்குபவர் மணியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நல்ல நூலுக்கு மட்ட மணி என்பது, மட்ட நூலுக்கு நல்ல மணி என்பதைவிட மோசமான சேர்க்கை.

சின்ன ஊர்களில் கேட்டால் கடைக்காரர் ஆறிழை நூலையே எடுத்து நீட்டுவார். இணையத்தில் வாங்கினால் அனுப்பும் செலவு நூல் விலையைத் தொட்டுவிடும், அதனால் ஒரே தடவையில் நாலைந்து நிறமாக வாங்குவதே கட்டும். பரிசுக்கும் விற்பனைக்கும் பின்னுபவர்களுக்கு ஏற்ற நூல்.

## ஆறிழை எம்பிராய்டரி நூல்

கல்லூரி நாட்களில் நட்புக் கயிறு முடிந்தவர் எல்லோர் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கும். 8 மீட்டர் கொண்ட சின்னக் கட்டு, அதில் ஆறு மெல்லிய இழை. டிஎம்சி என்ற நூல் நிறுவனத்தின் நிற அட்டையில் 500 நிறம். ஒரு பிரேஸ்லெட்டுக்கு ஒரு கட்டு தாராளம், மிச்சமும் வரும். கணக்கில் பார்த்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை.

பின்ன ஆரம்பித்ததும்தான் தெரியும். ஆறு இழையும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன, முறுக்கில்லை. ஊசியின் கொக்கி ஐந்தைப் பிடித்து ஒன்றை விடும். விட்ட இழை சங்கிலியின் ஓரத்தில் சிறு வளையமாக நீட்டிக்கொண்டு நிற்கும், அதை இழுத்தால் அடுத்த நான்கு சங்கிலி சுருங்கும். மணியைத் தள்ளும்போதும் இதே கதை: ஒரு இழை மணியின் வாயில் சேர்ந்து சேர்ந்து குஞ்சம் போல் திரண்டுவிடும். 55 மணியைக் கோத்துத் தள்ளி முடிப்பதற்குள் நூல் கிழட்டுத் தோற்றம் பெற்றுவிடும்.

சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. தேன்மெழுகுக் கட்டியில் நூலை ஒருமுறை இழுத்தால் ஆறும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மணியைப் பாதியாகக் குறைத்து 25 மட்டும் வைத்தால் தேய்மானமும் பாதி. அல்லது மூன்று இழையை மட்டும் பிரித்தெடுத்து 8/0 மணியோடு மெல்லியதாகப் பின்னலாம். ஆனால் 8 மீட்டரைச் சிக்கில்லாமல் பிரிப்பது ஒரு தனிக் கலை. மேசையில் வைத்துப் பிரிக்காதீர்கள். ஒரே இழையைப் பிடித்து நேராக மேலே உருவுங்கள், மற்றவை கீழே சுருண்டு தாமாகவே விடுபடும்.

வீட்டில் இருக்கிறது, இன்றைக்கே ஒன்று பின்னிப் பார்க்கணும், ஒரு குறிப்பிட்ட சேலையின் நிறம் அப்படியே வேண்டும் என்றால் சரி. மற்றபடி முதல் பிரேஸ்லெட்டை இதில் தொடங்க வேண்டாம். நூல் செய்யும் குற்றத்துக்கு நீங்கள் உங்கள் கையை நொந்துகொள்வீர்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. ஆரிக் கடையில் 'சில்க் த்ரெட்' என்று கிடைக்கும் பளபள நூல் பருத்தி அல்ல, பட்டும் அல்ல. பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியஸ்டர். ரேயான் நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். பருத்தியோ நேர்மாறு, நனையும்போது இன்னும் வலுவாகும். எந்நேரமும் தண்ணீர் படும் கைக்கு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

## மெழுகுக் கயிறு

மெழுகு ஏற்றிய பருத்திக் கயிறு, பெரும்பாலும் 1 மி.மீ. பதக்கம் கோக்கவும் முடிச்சு வேலைக்கும் வாங்குவார்கள். கடையில் தொட்டுப் பார்த்தால் உறுதியாக இருக்கும், அதனால்தான் பலர் இதில் மயங்குகிறார்கள்.

குரோஷாவுக்கு நூல் நூலின்மேல் வழுக்க வேண்டும். மெழுகு வழுக்க விடாது. ஒவ்வொரு சங்கிலியையும் இழுத்துப் பிடுங்க வேண்டியிருக்கும், அரை மணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்கும். 1 மி.மீ. ஊசியெல்லாம் உதவாது, 2.5 அல்லது 3 வேண்டும். 6/0 மணியில்கூட இழுபறிதான். 6 அல்லது 8 மி.மீ. மர மணி, தேங்காய் ஓட்டு மணி என்று ஓட்டை பெரிதாக உள்ளவற்றைத் தேட வேண்டும். சாயம் போட்ட மர மணி முதல் மழையிலேயே சட்டைக் கையில் தன் நிறத்தை விட்டுப்போகும். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் வைத்தால் கயிற்றின் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும், பிறகு தூசியெல்லாம் அதில்தான்.

ஆனால் ஒரு இடத்தில் மற்ற மூன்றையும் இது தோற்கடிக்கிறது: முடிச்சு. மெழுகு பிடித்துக்கொள்வதால் இழுத்து அளவு மாற்றும் சறுக்கு முடிச்சு இதில்தான் நிற்கும். ஆண்பிள்ளைகளுக்கு, பொத்தான் இல்லாமல், ஐந்தாறு பெரிய மர மணியோடு ஒற்றைச் சுற்றாக ஒன்று வேண்டுமென்றால் இதை எடுங்கள். அதையும் குரோஷாவில் பின்னாமல் வெறும் முடிச்சாகவே போட்டுவிடலாம், இன்னும் நன்றாக இருக்கும்.

பொம்மை பின்னும் மில்க் காட்டனைப் பற்றியும் கேட்கிறார்கள். பெயரில் காட்டன் இருந்தாலும் பல சமயம் அக்ரிலிக் கலப்பு, லேபிளைப் படியுங்கள். எப்படியும் தடிமன் அதிகம், மணிக்கு ஆகாது.

## சங்கிலியா, பட்டையா, குழாயா

நூல் முடிவானாலும் இது மிஞ்சும். மூன்று சுற்றுச் சங்கிலியே சுலபம்: மணியை ஊசியருகே தள்ளி, மணிக்கு அப்பால் நூலைக் கொக்கியில் சுற்றி இழுத்தால் மணி சங்கிலியின் முதுகில் பூட்டிக்கொள்ளும். இதன் ஒரே பலவீனம் நீள்வது. வெறும் சங்கிலி ஒரு மாதத்தில் தொளதொளத்துவிடும். அதற்கு ஒரு மருந்து: முனைக்கு வந்ததும் திரும்பி, மணி இல்லாமல், ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு ஸ்லிப் ஸ்டிச் (கொக்கியை நுழைத்து நூலை ஒரேயடியாக இழுத்துவிடும் பின்னல்) போட்டுக்கொண்டே தொடக்கத்துக்கு வந்துவிடுங்கள். நூல் இருமடங்காகும், நேரமும் ஆகும், ஆனால் கயிறு கயிறாக நிற்கும். இதற்காக மணி கோக்கும் முன்பே நூலைக் கண்டிலிருந்து வெட்டிவிடாதீர்கள். எவ்வளவு போகும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

நாலைந்து வரிசை சிங்கிள் குரோஷே என்ற குட்டைப் பின்னலில் பட்டையாகப் பின்னினால் மணிக்கட்டில் அழகாக உட்காரும், நீளாது. இதில் மணி எப்போதும் உங்களுக்கு எதிர்ப்புறத்தில் விழும். அதனால் பட்டையின் பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும் வரிசையில் மட்டுமே மணி சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பாதி மணி உள்ளே போய்த் தோலைக் குத்தும். பழைய புத்தகம் பார்த்துப் பின்னுபவர்கள் கவனிக்க: பிரிட்டிஷ் முறையில் 'டபிள் குரோஷே' என்பதைத்தான் அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷே' என்கிறார்கள். இன்னொன்று, மணியில் கோலம் மாதிரி வரிசை வைக்க நினைத்தால் தலைகீழாகக் கோக்க வேண்டும். கடைசியில் கோத்த மணிதான் முதலில் பின்னப்படும்.

குழாய் வடிவில் மணி மட்டுமே தெரியும்படி பின்னுவது இன்னொரு உலகம். ஒரு சுற்றுக்கு ஆறு என்று 8/0 மணியில் பின்னினால் நானூறுக்குக் குறையாமல் மணி வேண்டும். அத்தனையும் பருத்தியின்மேல் உரசிக்கொண்டு வந்தால் நூல் பாவம். அதற்கு நைலான் நூலே சரி. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

## மாட்டும் முனை

பின்னலில் தவறியதால் வீணான பிரேஸ்லெட்டைவிட முனையில் அறுந்து தொலைந்ததுதான் அதிகம், என் கையிலாவது. கடையில் விற்கும் உலோகக் கொக்கி பார்க்கக் கச்சிதம். ஆனால் அதன் வளையம் நாள் முழுக்க அதே இரண்டு நூலை அறுக்கிறது, போதாததற்கு மட்ட உலோகத்தில் நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். 11 மி.மீ. சட்டைப் பொத்தான் ஒன்றும், அது கஷ்டப்பட்டு நுழையும் அளவுக்கு ஒரு சங்கிலி வளையமும் போதும். புதிதில் கஷ்டப்பட்டு நுழைவதுதான் சரியான அளவு. இரண்டு வாரத்தில் பருத்தி தளர்ந்து இலகுவாகிவிடும். முதல் நாளே இலகுவாக நுழைந்தால் மூன்றாவது வாரம் பஸ்ஸில் விட்டுவிட்டு வருவீர்கள். கட்டிவிடும் குஞ்சம் வைத்தால் அழகுதான், ஆனால் ஒற்றைக் கையால் கட்ட முடியாது, ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எந்த முறையிலும் மணி பிரேஸ்லெட் வேண்டாம். நூல் அறுந்தால் மணி வாய்க்குத்தான் போகும்.

## விலைப்பட்டியலில் வராதவை

அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு இந்த மூன்றும் சாயம் விடக்கூடியவை. வாங்கியதும் ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் இறங்கினால் பிரேஸ்லெட்டுக்கு அந்த நூல் வேண்டாம். உப்பு, வினிகரில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே பருத்தியில் ஏறிய சாயத்தை அவை பிடித்து நிறுத்துவதில்லை. மணிக்கும் இதே சோதனை செய்யலாம். உள்ளே வெள்ளி பூசிய மணி வியர்வையில் சில மாதத்தில் கறுக்கும், மேலே சாயம் பூசியது வெளுக்கும். கண்ணாடியே நிறமாக இருப்பதுதான் நிலைக்கும்.

மெல்லிய ஊசிக்கான காசு அடுத்தது. ஸ்வெட்டர் பின்னும் அலுமினிய ஊசி இதற்கு ஆகாது, எஃகு ஊசி வேண்டும். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் வரும் என்பதால் இதை நான் செலவில் சேர்ப்பதில்லை. கண் வலியைச் சேர்ப்பேன். 20-ஆம் எண் நூலைக் கறுப்பு நிறத்தில், இரவு விளக்கில் பின்னவே பின்னாதீர்கள்.

அப்புறம் எண்ணிக்கைத் தவறு. பாதியில் ஒரு மணி கூடுதலாக வந்துவிட்டால் எல்லாவற்றையும் உருவ வேண்டியதில்லை. அந்த மணிக்குள் ஒரு தடித்த தையல் ஊசியைச் செருகிக்கொண்டு குறடால் நசுக்கினால் உடைந்து விழும். ஊசி உள்ளே இருப்பதால் சில்லு நூலை அறுக்காது. மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு நசுக்குங்கள், கண்ணாடித் தூள் கண்ணுக்குப் பறக்கும். ஒரு மணி குறைந்துவிட்டால் உடைத்துச் சரிசெய்ய முடியாது. அதனால் கோக்கும்போது தேவைக்கு மேல் ஐந்தாறு கூடுதலாகவே கோத்துவிடுங்கள், மிஞ்சியதைக் கடைசியில் மறுமுனை வழியாகக் கழற்றிக்கொள்ளலாம்.

## சரி, எதை வாங்குவது

இதுவரை பின்னியதே இல்லை என்றால்: 10-ஆம் எண் மெர்சரைஸ்டு குரோஷா நூல், வெளிர் நிறத்தில். 6/0 கண்ணாடி மணி 70. 1.5 மி.மீ. ஊசி. மூன்று சுற்றுச் சங்கிலி, சட்டைப் பொத்தான். நூலையும் மணியையும் ஒரே கடையில் வாங்குங்கள். வாங்குமுன் ஒரு மணியைக் கடையிலேயே நூலில் ஏற்றிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

பின்னத் தெரியும், பரிசு கொடுக்க வேண்டும் என்றால் 8-ஆம் எண் பேர்ல் காட்டனும் 8/0 ஜப்பானிய மணியும், பட்டையாக. குளிக்கும்போதும் கழற்றாதவருக்கு 10-ஆம் எண் குரோஷா நூலில், ஸ்லிப் ஸ்டிச் திருப்பம் போட்ட சங்கிலி. வாரம் ஒருமுறையாவது கழற்றி நன்றாக உலரவிடச் சொல்லுங்கள், ஈரத்திலேயே கிடந்தால் பருத்தி பூஞ்சை வாடை அடிக்கும். கல்லூரித் தோழிகள் நாலு பேருக்கு நாலு நிறம், இந்த வாரத்துக்குள் வேண்டும் என்றால் டப்பாவில் இருக்கும் ஆறிழை நூலை மெழுகில் இழுத்துக்கொண்டு, ஆளுக்கு இருபத்தைந்து மணியோடு முடித்துக் கொடுங்கள்.

சுகர் பீட்ஸ் டப்பா வைத்திருப்பவர்களுக்கு: அதை ஆரிக்கே வைத்துக்கொள்ளுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் எம்பிராய்டரி நூலில் இரண்டே இழை பிரித்து, மெழுகு தடவி, 0.75 ஊசியில் ஒரு சாண் பின்னிப் பாருங்கள். முடியாததில்லை. நான் ஒன்று முடித்து வைத்திருக்கிறேன், பதினோரு மணியோடு.